நனையாத தாள்

இரவெல்லாம் வீசிய வறண்ட காற்று, கூரைகளின் மேலும் மரத்து இலைகளின் மேலும் மெல்லிய புழுதியைப் போர்த்திவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருக்க, கடைக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்க, வண்டிகள் ஒன்றையொன்று உரசாத குறையாய் ஊர்ந்துசெல்லும் அந்நெடுந்தெருவின் கோடியில், வெண்சுதை பூசிய மூன்றடுக்குக் கட்டடமொன்று, வாயிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தைக் கண்டு சிறிதும் சலியாமல், தன் பெருங்கதவை அகலத் திறந்து வைத்திருந்தது. அது கண் மருத்துவமனை. புழுதிக் காற்று வீசும் திங்களில் அங்கே கூட்டத்துக்குக் குறைவே இராது.

படிப்போரே, அக்கூட்டத்தைச் சற்றே நோக்குங்கள். இரு கண்களும் செக்கச்செவேலெனச் சிவந்து பீளை கட்டியமையால் கறுப்புக் கண்ணாடி அணிந்து, ஒட்டிக்கொள்ளுமோ என்றஞ்சி எவரும் அருகில் அமராததால் நீண்ட பலகை முழுவதையும் தனியே ஆண்டுகொண்டிருக்கும் கடைக்காரர். இமையோரத்துக் கட்டி வீங்கித் தோழியரின் கேலிக்கு நாணி முகத்தைத் திருப்பிக்கொண்ட மணப்பெண். வெயிலிலும் சுண்ணத் தூளிலும் உழைத்துழைத்து, கருவிழியை நோக்கிச் சதை படரத் தொடங்கிய கொத்தனார். இவர்களை மருத்துவரிடம் அனுப்புமுன் ஆராய்ந்து பார்ப்பவள் உள்ளறையில் இருந்தாள். நாள்தோறும் எண்ணற்றோர் கண்ணில் மருந்து விடுவதால், உடன் பணிபுரிவோர் அவளுக்குச் 'சொட்டுக்காரி' என்று பெயர் சூட்டியிருந்தனர். "கண்ணைக் கையால தொடாதீங்க" என்பது அவள் வாயில் ஓயாத சொல். உறக்கத்திலும் அதையே சொல்கிறாள் என்பது அவள் கணவனின் முறையீடு.

அன்று முதலில் வந்தவர், பணி ஓய்வு பெற்ற பள்ளியாசிரியர். கன்னம் இரண்டிலும் நீர் வழிய, "போன தடவை இதைக் கண் வறட்சின்னு சொன்னீங்களேம்மா. ஆறா ஓடுதே" என்றார்.

"உலர்ந்த கண்ணுதான் ஐயா உறுத்தும். உறுத்தினா தண்ணி கொட்டும். வழியறதைப் பார்த்து ஏமாறக் கூடாது" என்று சிரித்தாள் சொட்டுக்காரி. அவரும் நம்பியும் நம்பாமலும் எழுந்து சென்றார்.

அடுத்து நுழைந்தவளைக் கண்டதும், சொட்டுக்காரியின் கையிலிருந்த துணிச்சுருள் நழுவிற்று. நரையோடிய கூந்தல், ஓயாமல் இமைக்கும் சிவந்த கண்கள், கையில் தண்ணீர்க் குடுவை. வந்தவள் அவளுடைய அக்கா. தாயின் சாவு வீட்டில் பிரிந்தபின் பல்லாண்டுகளாக இருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

அந்நாளைத் தங்கை மறந்தாளில்லை. தாயின் உடலருகே உற்றார் அனைவரும் கதறி நிற்க, அக்கா மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீரும் இன்றிச் சுவரோரம் நின்று, மீண்டும் மீண்டும் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அதைப் பொறாத தங்கை, ஊரார் கேட்க, "பெத்தவ கிடக்கிறா, உனக்குத் தாகம் கேக்குதா? உன் நெஞ்சு என்ன கல்லா?" என்றாள். அன்று மாலையே தன் ஊருக்குப் போன அக்கா, பின்பு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

அதற்கு முன் அவர்கள் இருந்த இருப்போ வேறு. மாவு அரைக்கும் ஆலைக்கு எதிர்வீடு. காற்றடித்தால் உமித்தூள் பறந்துவந்து தங்கையின் கண்ணைத்தான் முதலில் தேடும். அவள் வீல் என்று கத்துமுன் அக்கா ஓடிவந்து, தாடையைப் பற்றி நிமிர்த்தி, "மேல பாரு, மேல பாரு" என்றபடி தூசியை எடுத்து, துணி நுனியைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதி வெம்மையேற்றி, மூடிய இமைமேல் ஒத்தி எடுப்பாள். உலகில் எந்த வலியும் அவ்வெம்மைக்கு முன் நில்லாது என்று அச்சிறுமி நம்பியிருந்த காலம் அது. இன்று வருவோர் எல்லாரிடமும் அவள் "மேல பாருங்க" என்று சொல்லும் குரல்கூட அக்காவிடமிருந்து வந்ததுதான்.

"உக்காருங்க" என்றாள், அயலாரிடம் பேசுவதுபோல.

அக்கா அமர்ந்தாள். கண்ணீரின் அளவை அறியும் மெல்லிய தாள் பட்டைகளை எடுத்து, நுனியை மடித்து, கீழிமைகளின் உள்ளே செருகி, கண்களை மூடிக்கொள்ளச் சொன்னாள் தங்கை. நலமான கண்ணாயின் ஈரம் தாளில் விறுவிறுவென்று இறங்கிவரும். குறித்த பொழுது கழிந்து, கண் திறக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தபோது, இரு தாள்களும் உறையிலிருந்து எடுத்தது போலவே உலர்ந்திருந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப வருஷமா. கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும்."

"வாயும் உலருமா?"

"தண்ணி இல்லாம சோறு இறங்காது. அம்மா போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது."

சொட்டுக்காரி உலர்ந்த தாள்களை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். கண்ணீரும் எச்சிலும் ஒருங்கே வற்றும் அந்நோயை எத்தனையோ பேரிடம் கண்டறிந்தவள், அன்று சாவு வீட்டில் தன் அக்காவின் கையிலிருந்த தண்ணீரைக் கண்டும் அறியாமற் போனாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா."

"என்னன்னு சொல்றது? எனக்கே தெரியாதே. அழுகை நெஞ்சு வரைக்கும் வருது, கண்ணுக்கு வர மாட்டேங்குது. நீ சொன்னதும், நிஜமாவே கல்லாத்தான் போயிட்டேனோன்னு நினைச்சுட்டேன்."

"நான் இங்க இருக்கேன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். வேற யாராவது கண்ணைத் தொட்டா எனக்குப் பயம்."

இது நோய்தான், மூட்டுகளையும் பற்றக் கூடியது என்றும், மருத்துவர் குருதியையும் மூட்டுகளையும் ஆராய்ந்து உறுதி செய்வார் என்றும், முற்றும் தீராவிடினும் நாள்தோறும் விடும் சொட்டு மருந்தால் உறுத்தல் தணியும் என்றும் தங்கை கூறினாள். வாயால் ஊதுவது தகாதெனக் கற்றவள் ஆதலின், தூய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பந்தாகச் சுருட்டி, அக்காவின் மூடிய இமைகள்மேல் ஒத்தினாள். பின்பு தாடையைப் பற்றி நிமிர்த்தி, "மேல பாருக்கா" என்று கண்ணுக்கொரு சொட்டு விட்டாள். கண் கொண்டது போக எஞ்சிய மருந்து கன்னங்களில் மெல்ல வழிந்தது.

அக்கா அதைத் துடைக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாவுக்கு இப்பத்தான் அழுதேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு" என்றாள்.

கண்ணீர் கண்டு நெஞ்சை அளப்பது மாந்தர்க்கு எளிது. வற்றிய கண்ணின் பின்னே தேங்கி நிற்பதை அளக்கும் தாள் இன்னும் செய்யப்படவில்லை. வெளியே கடைக்காரர் பொறுமையிழந்து கதவைத் தட்டினார். ஊருக்கெல்லாம் கண்ணைத் தொடாதே என்று சொல்லும் சொட்டுக்காரியோ, புறங்கைகளால் தன் கண்கள் இரண்டையும் கசக்கிக் கசக்கி அழுதுகொண்டிருந்தாள்.