ஏழு கட்டத்தில் ஒரு சிங்கம்

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். எனக்கு இதைச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். அன்று மழை என்றார் ஒருவர், துணி காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது என்றார் இன்னொருவர். யார் முதலில் சிரித்தது என்ற வழக்கு அந்த வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. சிங்கம் ஏழு கட்டத்தில் உட்கார்ந்ததை மட்டும் மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதை நம்பித்தான் தொடங்குகிறேன்.

அந்த வீட்டு மாமியாரை அடுக்குமாடியில் எல்லோரும் ஜட்ஜம்மா என்பார்கள். அவர் ஜட்ஜ் இல்லை. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். யார் யாரோ சொன்ன தீர்ப்புகளை ஆயுள் முழுக்கத் தட்டிச் சலித்துப்போய், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து சொந்தமாகத் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்தார். பாலின் கெட்டி, லிஃப்டின் வேகம், மருமகளின் புதுச் செருப்பு, எதுவும் அவர் விசாரணைக்குத் தப்பாது. ஆனால் தினமும் முதல் வழக்கு பேப்பரில் வரும் குறுக்கெழுத்துதான். அதை அவர் நிரப்புவது பாதி, திட்டுவது பாதி. கடைசியில் பத்துக்கு இத்தனை என்று ஓரத்தில் மதிப்பெண் போடுவார். பெயர் போடாமல் புதிர் அமைக்கும் அந்த ஆசாமிக்கு அவர் வைத்த பெயர் கட்டக்காரன். அதுவரை கட்டக்காரன் ஐந்தைத் தாண்டியதே இல்லை.

எதிரே சோபாவில், ஒரு கண்ணின் மேல் பிளாஸ்டிக் மூடியுடன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் எக்ஸ்ரேயம்மா. மருமகளைப் பெற்றவர். புரை எடுத்த கண் ஆறும்வரை மகள் வீட்டில் இருக்க வந்தார். இன்னொரு கண்ணிலும் புரை மூடியிருந்ததால் பேப்பரின் பொடி எழுத்து அவருக்குப் பூச்சி ஊர்வதுபோலத்தான் தெரியும். கேட்க மட்டும் முடியும். கேட்பதிலும் பேசாமல் இருப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர். எலும்பு முறிந்திருப்பது முதலில் அவர் கண்ணுக்குத்தான் தெரியும். படுத்திருப்பவர் தலையைத் தூக்கி, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்பார். "டாக்டர் சொல்வாரு" என்பதைத் தவிர எதுவும் சொல்லக் கூடாது. அப்படிப் பழகிப் பழகி, தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது.

அவர் மனதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. இந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். அவருடைய வீட்டில் குழாய் சொட்டுவதுதான் பேச்சுத்துணை. இங்கே கட்டக்காரன் திட்டு வாங்குவதைக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து, காலையில் சீக்கிரம் விழிப்பு வந்தது. ஆனால் சம்பந்தியின் அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர் எந்த வாயால் கேட்பது? மகளோ கையை விரித்துவிட்டாள்.

"நான் கேட்டா நல்லா இருக்காதும்மா. அத்தை வாயால வரணும். அதுவரைக்கும் நீ அவங்க மனசு கோணாம இரு."

மனசு கோணாமல் இருப்பதற்கு எக்ஸ்ரேயம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி, வாயைத் திறக்காமல் இருப்பது.

"கேளுங்க சம்பந்தி, இந்த அக்கிரமத்த," என்று ஜட்ஜம்மா ஆரம்பிப்பார். "காதணி, நாலு கட்டம், குழம்பியிருக்கிறதாம். காதணி ஏன் குழம்பணும்? போட்டுக்கிட்டவ குழம்பலாம். இன்னொண்ணு, கீழிருந்து மேலயாம். கட்டம் பத்தலைன்னா திருப்பி வை, அதுவும் பத்தலைன்னா குழப்பி வை. சமைக்கத் தெரியாதவன் காரத்த அள்ளிப் போடுற கதைதான்."

கம்மல் என்று எக்ஸ்ரேயம்மாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டிருக்கும். ஜட்ஜம்மா வளையம், தோடு, ஜிமிக்கி என்று எல்லா நகைக்கடைகளிலும் ஏறி இறங்குவதை அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. மாலையில் டாக்டர் கண் மூடியை எடுத்துவிட்டால் அங்கிருந்து நேரே தன் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. பை வாசலருகே தயாராக இருந்தது. இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஜட்ஜம்மா வழக்கம்போலப் பேப்பரைப் பிரித்தார்.

"யானையின் கை. மூணு கட்டம்." பேனா நின்றது. "மூணா? சரி, தும்பின்னு போடுவோம். மிச்சத்த யானை உள்ள இழுத்துக்கிச்சு."

எக்ஸ்ரேயம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வானவில்லின் நிறங்கள் எத்தனை. நாலு கட்டம். ஏழு... ரெண்டுதான் வருது." கொஞ்சம் யோசனை. "ஏழுதான்! பாருங்க, நாலு. அடிச்சுச் சொல்லணும்னு எதிர்பார்க்குறான்."

எக்ஸ்ரேயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காட்டுக்கு ராஜா. ஏழு கட்டம்." ஜட்ஜம்மா விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. "சிங்கமகராஜா! அடேங்கப்பா, இன்னைக்குத்தான் இவன் மூளையக் கழுவிக்கிட்டு உக்காந்திருக்கான்."

குறுக்கே வரும் எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஜட்ஜம்மா அசரவில்லை. ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்துகளையும் பொடியாக எழுதினார். "கொஞ்சம் ஒடுங்கி உக்காருங்கடா, என்ன இப்போ?" என்று அவற்றை அதட்டவும் செய்தார். முடித்துவிட்டு ஓரத்தில் ஒன்பது மதிப்பெண் போட்டார். ஒன்பது!

எக்ஸ்ரேயம்மாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு முட்டியது. கூடவே விஷயமும் பளிச்சென்று புரிந்தது. இந்தத் தவறு அவருக்குத் தெரிந்த தவறு. எக்ஸ்ரே படத்தில் பெயர்ச்சீட்டு ஒருவருடையது, எலும்பு இன்னொருவருடையது. என்றைக்கோ வரவேண்டிய கட்டத்தை இன்றைய குறிப்புகளுக்குப் பக்கத்தில் அச்சடித்துவிட்டார்கள்.

அதற்குள் ஜட்ஜம்மா கைபேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நாலாவது மாடிப் பேராசிரியர் நம்ம அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவுல அழுதிருக்கார் பாருங்க. இன்னைக்கு ஒண்ணுமே பொருந்தலையாம். பொருந்தாது! மூளை வேணும்ல? இருங்க, நான் முடிச்சதப் படம் பிடிச்சு அனுப்புறேன். அம்பது வீடும் பாக்கட்டும்."

எக்ஸ்ரேயம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். அனுப்பினால் நாளைக்குப் பேப்பரில் வருத்தம் தெரிவிப்பார்கள். சிங்கமகராஜா மாடிப்படியெல்லாம் ஏறி இறங்குவார். அனுப்பாதீர்கள் என்றால் இந்த அம்மாவின் மனசு கோணும். வாசலில் இருக்கும் பை இன்றைக்கே கிளம்பிவிடும். எக்ஸ்ரே படத்தில் என்ன இருக்கிறதென்று சொல்லக் கூடாதுதான். ஆனால் ஆள் மாறிப்போனால் மட்டும் வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்பது எக்ஸ்ரே அறையின் சட்டம். இல்லாவிட்டால் நல்ல காலுக்கு மாவுக்கட்டு விழும்.

"அனுப்பாதீங்க சம்பந்தி."

ஜட்ஜம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. "யாரு பேசினது?"

"நான்தான். கட்டம் மாறிப்போச்சு. குறிப்பு வேற நாளோடது, கட்டம் வேற நாளோடது. தும்பிக்கைக்கு அஞ்சு வேணும். சிங்கத்துக்கு நாலு போதும்."

"ஒரு கண்ணுல மூடி, இன்னொண்ணுல புரை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். தினமும் விடை தெரியும்."

"தினமும்?"

"தினமும்."

ஜட்ஜம்மா கைபேசியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "அப்போ மூணு வாரமா நான் தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"எப்பவும் இல்ல," என்றார் எக்ஸ்ரேயம்மா, பொய் சொல்ல வராமல். "ஏழுதானுக்குச் சிரிச்சேன்."

ஜட்ஜம்மா எழுந்து பால்கனிக்குப் போய், காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. அதற்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அன்றுவரை யாருக்கும் தெரியாது.

மகள் குளியலறையிலிருந்து தலையை நீட்டினாள். "என்னம்மா, டிவி ரிப்பேரா?"

மாப்பிள்ளை ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார். "அம்மா பேசலையா? டாக்டரைக் கூப்பிடவா?"

பேசாமல் இருப்பது எப்படி என்று எக்ஸ்ரேயம்மாவுக்குத் தெரியும். அதற்கு எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை அன்றுதான் அறிந்தார். தலையைத் தூக்கி எப்படிங்க இருக்கு என்று கேட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. அவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்குமோ? பிறகு சுவரைத் தடவிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

"முந்தாநாள் புதிர்ல, மரத்தைச் சீவும் கருவி, அஞ்சு கட்டம். சுத்தியல்னு எழுதினீங்க. தப்பு."

ஒரு தலையணை உறை நான்காக மடிந்தது.

"சுத்தியல் சீவாது சம்பந்தி. இழைப்புளி."

"ஓங்கி அடிச்சா அதுவும் சீவும்."

"அடிச்சா உடையும்."

"அது மரம் சரியில்ல." ஜட்ஜம்மா திரும்பவில்லை. ஆனால் மடிக்கும் கை நின்றிருந்தது. "வேற?"

எக்ஸ்ரேயம்மா சொன்னார். அதற்கு முந்தின நாள், அதற்கும் முந்தின நாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கம்மல் வந்தபோது ஜட்ஜம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த மகள் தன் தாய் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசி அதற்கு முன் கேட்டதில்லை என்கிறாள்.

"சரி, எனக்கு எத்தனை மார்க்?"

"நாலு."

"நாலா! கட்டக்காரனுக்கே நான் அஞ்சு குடுத்திருக்கேன்."

"சிங்கமகராஜாவுக்காக ஒண்ணு கூட்டிக்கலாம்."

இங்கேதான் அந்த நிலுவை வழக்கு. முதலில் சிரித்தது சம்பந்திதான் என்று இருவருமே சொல்கிறார்கள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜட்ஜம்மா உள்ளே வந்து படத்தைக் குழுவுக்கு அனுப்பியே விட்டார். கீழே ஒரு வரியும் சேர்த்தார். கட்டம் மாறிப்போனதுகூடத் தெரியாமல் நீங்கள் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறீர்கள், நான் மாறிப்போன கட்டத்தையே முடித்துவிட்டேன் என்று.

பிறகு மகனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "டேய், வாசல்ல பைய யாருடா வச்சது? கால்ல இடறுது. எடுத்துட்டுப் போய் என் அலமாரி கீழ்த்தட்டுல வை."

"அத்தை சாயங்காலம் போறாங்களேம்மா?"

"கண்ணக் காட்டப் போறாங்க, திரும்பி வருவாங்க. நாளைக்குச் சரியான கட்டம் போடுவான்ல, அத யாரு பாக்குறது? நீயா? உனக்குச் சிங்கத்துக்கு எத்தனை கட்டம்னு தெரியுமா?"

மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் பேப்பரில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எக்ஸ்ரேயம்மா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். இரண்டாவது கண்ணுக்கும் புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரை அவர் படிக்கிறார், ஜட்ஜம்மா திட்டுகிறார். ஜட்ஜம்மாவின் சராசரி ஆறுக்கு உயர்ந்திருக்கிறது, மேல்முறையீடு செய்திருக்கிறார். நாலாவது மாடிப் பேராசிரியர் சுடோகுவுக்கு மாறிவிட்டார். மகளும் மாப்பிள்ளையும் தங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு காபி குடிக்கிறார்கள். கட்டக்காரன் யாரென்று இதுவரை யாருக்கும் தெரியாது. அவர் இன்னமும் தினமும் புதிர் போட்டுக்கொண்டிருக்கிறார், அந்த ஒரு நாளைத் தவிர ஐந்தைத் தாண்டவில்லை.