பாட்டியின் செருப்பு

வேண்டிக்கொள்ளும்போது லம்யாய் பூவின் பெயரை யோசிக்கவே இல்லை. அவசரம் அப்படி.

புட்டியில் முளைத்த ஆர்க்கிட் நாற்றுகளை வாங்கிவந்து, வேரில் ஒட்டிய கூழைக் கழுவி, சுண்ணாம்புக்கல் சில்லில் நட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தாள். தாய்லாந்தின் கிராபி ஊர் மழைக்கு ஒவ்வொன்றாக அழுகின. மிஞ்சிய ஒற்றைச் செடியின் குருத்து ஓரத்திலும் கறுப்பு தெரிந்தபோது அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கறுத்ததை வெட்டிவிட்டுப் மருந்தாக லவங்கப்பட்டைத் தூளை அப்பினாள். அப்படியே முற்றத்துக்கு ஓடினாள். அங்கே கம்பத்தின் மேல் காவல் தெய்வத்தின் குட்டி வீடு. உள்ளே தாத்தா பொம்மையும் பாட்டி பொம்மையும்.

"தாத்தா, இது பொழைச்சா மொதப் பூ உங்களுக்குத்தான்."

பிழைத்தது. ஆனால் பூக்கிற வழியைக் காணோம். வருஷங்கள் இலையாகவே போயின. கடைசியில் இன்று காலை வெள்ளை வெளேரென்று ஒரு பூ, இதழெல்லாம் பொடி ஊதாப் புள்ளி, நடுவில் முட்டை மாதிரி ஒரு பை. லம்யாய் அழுதே விட்டாள். கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். வெட்ட மனசு வரவில்லை. வாக்கு கொடுத்தாகிவிட்டது, வெட்டாமலும் முடியாது.

"அது பேரு என்ன?" என்று கேட்டான் கணவன் பிரசோப், ஒன்றும் தெரியாதவன்போல.

பையின் வடிவத்தை வைத்து அந்த ஊரில் அதற்குப் பெயர் பெண்செருப்பு.

"பொம்பளச் செருப்பக் கொண்டுபோய் பெரியவர் மூஞ்சிக்கு நேரா வைக்கப்போறியா?" என்றான்.

பூப் பார்க்க வந்திருந்த நாத்தனார் நொய்க்குச் சிரிப்பில் காப்பி புரையேறியது. "வெக்காட்டியும் கோவிப்பாரு அண்ணி. வேண்டிக்கிட்ட முட்டையப் படைக்காம நாளத் தள்ளிப்போட்டுத்தானே நான் மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்தேன்?"

பதில் தேடி இங்கும் அங்கும் பார்த்த லம்யாயின் கண்ணில் வாசற்படி பட்டது. படிக்குக் கீழே அவர்கள் மூவரின் செருப்புகளும் கிடந்தன. கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

"வீட்டுக்குள்ள போறவங்க செருப்ப எங்கே விடுவாங்க?"

"படிக்குக் கீழே," என்றான் பிரசோப்.

"அப்புறமென்ன?"

பூவோடு தொட்டியைத் தூக்கிப்போய்க் கம்பத்தின் அடியில் வைத்தாள். மேலே குட்டி வீட்டில் படையலாகச் சிவப்புச் சோடாவில் உறிஞ்சுகுழல் போட்டு வைத்துவிட்டு மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

நொய் விடுவதாயில்லை. "இருந்தாலும் பொம்பளச் செருப்பாச்சே?"

"பாட்டியோடது. தாத்தாதான் வாங்கிக் குடுத்தாருன்னு வெச்சுக்கோயேன்."

"ஒத்தச் செருப்பயா வாங்கிக் குடுத்தாரு?" என்றான் பிரசோப்.

லம்யாய் பூவை மெல்ல ஒதுக்கிக் காட்டினாள். காம்பின் பின்னால் அரிசிமணி அளவில் இன்னொரு மொட்டு.

"மத்தது வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் பாட்டி வீட்டுக்குள்ளயே இருக்கட்டும்."