வரேன் இல்லாத போறேன்

பெட்டிகளை எல்லாம் வேனில் ஏற்றியாயிற்று. எங்கள் சபைக் குழுவை அழைத்து வந்த போதகர் பயண ஜெபத்தை ஆரம்பித்திருந்தார். அவர் ஜெபத்துக்கு முடிவு எங்கே என்று அவருக்கே தெரியாது. விமானத்தை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். குழந்தைகள் இல்லத்துச் சமையல் அக்கா எங்கள் விடுதி வாசலில் மூச்சு வாங்க நின்றார். கையில் கரண்டி. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"டீச்சர், உடனே வாங்க. சுண்டெலி பஸ்ல ஏற மாட்டேங்குது."

சுண்டெலி என்று அந்தக் குழந்தைக்குப் பேர் வைத்தவள் நான்தான். கணக்கு டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தோம். போதகர் வேதக் கதை, மற்றவர்கள் பாட்டு, நான் பெருக்கல் வகுத்தல். எங்களில் ஒருவருக்கும் அந்த ஊர் மொழி தெரியாது. நம்ம பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து, புருஷன் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்ட சமையல் அக்காதான் எங்கள் வாய். நான் அதட்டினால்கூட கொஞ்சம் சர்க்கரை தூவித்தான் மாற்றிச் சொல்வார். முதல் நாள், சரியான விடையைப் பார்த்து நான் நம் வழக்கப்படி பக்கவாட்டில் தலையை ஆட்ட ஆட்ட, பிள்ளைகள் தப்பென்று நினைத்து விடையை அழித்துக்கொண்டே இருந்தார்கள். அழிக்காமல் உட்கார்ந்திருந்தது சுண்டெலி மட்டும்தான். அன்றைக்கே அது என்னோடு ஒட்டிக்கொண்டது. நானும்தான்.

அடுத்த தெருவுக்கு ஓடிக்கொண்டே அக்கா விஷயத்தைச் சொன்னார். இல்லத்தை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். பிள்ளைகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பப் போகிறார்கள். எங்கெங்கோ தேடி அலைந்து, சுண்டெலியின் சித்தி இன்று காலையில் வந்து சேர்ந்திருக்கிறாள். வந்த பஸ் இப்போதே திரும்புகிறது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் இனி லீவு கிடைக்காது. இன்றைக்கு விட்டால், குழந்தை எந்த ஊருக்குப் போனது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. சுண்டெலியோ இல்லத்துக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறதாம். தூக்கப் போன சித்தியைக் கடித்துவிட்டதாம்.

"டீச்சர் வருவாங்க, அவங்க வந்து நான் இல்லைன்னா என்ன நினைப்பாங்கன்னு கேக்குது."

"நான் எங்கக்கா வரேன்? நேத்து சொல்லிட்டுத்தானே கிளம்பினேன்?"

"என்ன சொன்னீங்க? போயிட்டு வரேன்னீங்க. நம்ம வாயில வர்ற பேச்சுதானேன்னு நானும் யோசிக்காம அப்படியே மாத்திச் சொல்லிட்டேன். போறாங்க, திரும்பி வருவாங்கன்னு."

தினமும் சாயங்காலம் அதையேதான் சொன்னேன். தினமும் காலையில் வந்து நின்றேன். அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அந்த வார்த்தை ஒரு நாளும் பொய்த்ததில்லை. நம்மில் எவள் "போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவாள்? சொன்னால் வாயிலேயே அடி விழும். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் அப்பாகூட "போயிட்டு வரேன்" என்றுதான் சொன்னார். வரவில்லை.

வேனில் பின்னாலேயே வந்த போதகர் இறங்கி விஷயத்தைக் கேட்டார். சித்தியோடு போ, டீச்சர் அங்கே வருவார் என்று ஒரு வார்த்தை சொல்லி ஏற்றிவிடும்படி சொன்னார். குழந்தைதானே, மறந்துவிடுமாம். பொய் சொல்லாதே என்று பாட்டுக் கட்டிச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான் என்று ஞாபகப்படுத்தினேன். மனுஷன் மணியைப் பார்த்துக்கொண்டு வேனுக்குத் திரும்பினார். உண்மையில் அந்தப் பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் சிரித்துக்கொண்டே ஏறிப் போகும். பிறகு சித்தி வீட்டுத் தெருவில் வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கேட்டுக்கு எதிரே பஸ் உறுமிக்கொண்டு நின்றது. முரண்டு பிடிக்கிற பிள்ளையை ஏற்ற மாட்டேன், வழியில் குதித்தால் யார் பதில் சொல்வது என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். சித்தி என்னைவிட ரொம்பச் சின்னவள். மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். மாற்றிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

சுண்டெலி என்னைப் பார்த்தது. முகமெல்லாம் பல். பார்த்தாயா, வந்துவிட்டாள் என்பது போல சித்தியைத் திரும்பிப் பார்த்தது. கடவுளே, நான் இப்போது வந்து நின்றதும் அந்த வார்த்தைக்கே சாட்சியாகிவிட்டது.

"அக்கா, நான் இனிமே வரவே மாட்டேன்னு சொல்லுங்க."

அக்கா கரண்டியோடு வாயைப் பொத்திக்கொண்டார். "நான் மாத்திச் சொன்னதெல்லாம் போதும் டீச்சர். என்னால முடியாது."

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் மண்ணில் முட்டி போட்டேன். தினம் கேட்டுக் கேட்டு எங்கள் வார்த்தை சுண்டெலிக்கு மனப்பாடம். அந்த வார்த்தையை நடுவில் உடைத்தேன். என் நெஞ்சில் கை வைத்து, "போறேன்" என்றேன். நாக்கு கூசியது. "வரேன்" என்று சொல்லி, இல்லை என்று கையை அசைத்தேன்.

அது சிரித்தது. டீச்சர் தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டது. விரலை நீட்டி, நான் வகுப்பில் செய்வது போலவே நிறுத்தி நிறுத்தித் திருத்தியது.

"போயிட்டு... வரேன்."

"இல்லடா செல்லம். போறேன்."

இன்னும் ஒரு தரம் சொன்னேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். சிரிப்பு மெல்ல நின்றது. கம்பியிலிருந்து ஒரு கை இறங்கியது. பிறகு மற்றதும் இறங்கியது. என்னைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்து, சித்தி நீட்டிய கையையும் பிடிக்காமல், தானாகவே படியேறியது.

போயிட்டு வா என்று பழக்கத்தில் வாய் திறந்தேன். எங்கே வரும்? மூடப்போகிற இந்த இல்லத்துக்கா? ஒருவரை அனுப்பி வைக்க எனக்கு வேறு வார்த்தை தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அதன் முகம் வந்தது. அழவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற தெளிவோடு என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"போறேன்."

உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததை எப்போதும் அப்படியே பிடித்துக்கொள்ளும்.