போஞ்சிப் பாத்தியின் சிவப்புத் துணி

ராகலை டவுனுக்கு மேலே, ஜெயந்தினியின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு விந்தை நடந்தது. போஞ்சிப் பாத்தியில் அவள் கட்டிய சிவப்புத் துணி, விடிந்ததும் கொத்தமல்லிப் பாத்தியில் நின்றது.

செவ்வாய்க்கிழமை போஞ்சிக்குப் பூச்சி மருந்து அடித்த கையோடு கம்பை ஊன்றித் துணியைக் கட்டியிருந்தாள். அவள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதுதான் வழக்கம். துணி இருக்கும்வரை அந்தப் பாத்தியில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

புதன்கிழமை துணி இடம் மாறியது. கம்போடு பிடுங்கி நடுகிற காற்றை ராகலையில் யாரும் கண்டதில்லை. திரும்பக் கொண்டுவந்து நட்டாள். வியாழனும் அதே கதை. தனக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை என்றார் கணவர் பிரதாப். அதில் பொய்யில்லை, அவர் தோட்டத்துப் பக்கம் போய் வருஷமாகிறது. கண்டுபிடிக்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளி காலை தேத்தண்ணிக் கோப்பையோடு அடுப்படி ஜன்னலில் காவல் நின்றாள்.

வந்தது நஸீரா. பின்பக்க அறைகளில் போன மாதம் வாடகைக்கு வந்தவள். கம்பைப் பிடுங்கி, தான் விதைத்த கொத்தமல்லியில் சாவகாசமாக நட்டாள். ஏன் என்று ஜெயந்தினி யோசிப்பதற்குள், நஸீராவின் நாலு வயது மகள் ஷிபானா போஞ்சிப் பாத்தியில் குந்தி, ஒரு பிஞ்சைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

கோப்பை கீழே விழுந்தது. ஜெயந்தினி வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பிஞ்சைத் தட்டிவிட்டாள். அழுத பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

குருவி முளையைக் கொத்துகிறது, சிவப்பைக் கண்டால் வராது என்றுதான் நட்டேன் என்றாள் நஸீரா. நட நட யார் எடுக்கிறார்கள் என்று அவளும் மூன்று நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாளாம்.

"அது மருந்தடிச்ச பாத்தி நஸீரா. செவப்புத் துணி கட்டுனா தொடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"எங்களுக்குத் தெரியாதே அக்கா. விருப்பமானதப் புடுங்கிக்கங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

சொன்னாள்தான். குடிவந்த அன்று தண்ணீர்க் குழாய், கேட், குப்பை வண்டி வரும் நாள் என்று அத்தனையும் ஒப்பித்தவள், இதைச் சொல்லவில்லை. நஸீராவின் அடுப்படியில் பகல் சாப்பாட்டுக்குப் போஞ்சி நறுக்கியிருந்தது, அந்தப் பாத்தியிலிருந்து முதல் தடவையாகப் பறித்தது. ஜெயந்தினியே அதை எடுத்துக் கொட்டினாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

நஸீரா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சி எங்களுக்குத் தெரியாதது இந்தத் தோட்டத்துல வேற என்னெல்லாம் ஈக்கி அக்கா?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் ஜெயந்தினி வாயைத் திறந்தாள். கரட் பாத்திக்குப் பின்னால், உளுத்த பலகை போட்டு மூடிய குழி கண்ணில் பட்டது. வேலியோரம், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஊமத்தங்காய். அவள் நஸீராவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து ஆரம்பித்தாள். தேயிலைத் தொழிற்சாலையில் பகல் சங்கு ஊதியபோது அவர்கள் பாதித் தோட்டத்தைக்கூடத் தாண்டவில்லை.