இறங்குதுறை

"நகசே தீவில் அலை அதிகம். ஒரே ஒரு முறை கரை அணைய முயற்சி செய்வோம். முடியாவிட்டால் அடுத்த தீவுக்குப் போய்விடுவோம்" என்று ஒலிபெருக்கி சொன்னபோது, ஃபுமியே கப்பலின் கீழ்த்தளக் கதவருகே பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். போன வாரமும் இதே அறிவிப்புதான். கப்பல் தீவைச் சுற்றிவிட்டு அவளை வேறெங்கோ கொண்டுபோய் இறக்கியது. அவள் பிறந்த ஊர் கண்ணெதிரே வந்துவிட்டு விலகிப் போனது.

கைபேசி அடித்தது. தம்பி செய்கிச்சி. துறையில் கப்பல் கயிறு பிடிப்பவர்களில் அவனும் ஒருவன். காற்றின் இரைச்சலில் பாதிதான் கேட்டது.

"அக்கா, அப்பாவ வண்டியில கூட்டிட்டு வந்துட்டேன். ஆனா இறங்க மாட்டேங்கிறாரு. உள்ளேந்து கதவப் பூட்டிக்கிட்டாரு."

"இழுத்து ஏத்துடா! டாக்டர் என்ன சொன்னாரு? இதயம் தாங்காது, உடனே டோக்கியோ கொண்டுபோங்கன்னு சொல்லலையா?"

"நான் கயிறப் பிடிக்கவா, அப்பாவத் தூக்கவா? நீ முப்பது வருஷமா அங்கேந்தே வேலை சொல்லு."

இணைப்பு அறுந்தது. அவளுக்கு முகம் எரிந்தது. மூன்று நாளாக மூடுபனி. ஹெலிகாப்டர் வரவில்லை. இந்தக் கப்பலையும் விட்டால் அடுத்தது எப்போது என்று கடலுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு டோக்கியோ மருத்துவமனையில் படுக்கை சொல்லி வைத்திருந்தாள். இறங்கக்கூட வேண்டாம், அவரை ஏற்றிக்கொண்டு இதே கப்பலில் திரும்பிவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு.

கப்பல் துறையை நெருங்கியது. முதலில் வீசிய கயிறு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவதை நாலைந்து பேர் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். முன்னால் நின்ற நரைத்த தலைக்காரன் யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. அது செய்கிச்சி. ஒரு அலை துறையின் மேலேறி அவனை இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. அவன் கயிற்றை விடவில்லை.

ஏணிப்பாலம் சிமென்டில் உரசிக் கிறீச்சிட்டது. கப்பல் ஆளுயரம் எழுந்து இறங்கியது.

"ஏறுறவங்க சீக்கிரம்!" என்று மாலுமி கத்தினான்.

யாரும் ஏறவில்லை. துறையின் கோடியில் செய்கிச்சியின் சின்ன லாரி நின்றது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் முகம். அவர் கையை அசைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வெறுமனே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க, நான் போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்துடறேன்!"

"இறங்கினா இறங்கினதுதாம்மா. கயிறு தாங்காது. அறுந்தா கீழ நிக்கிறவங்க கதி என்ன?"

அவள் செய்கிச்சியைப் பார்த்தாள். விறைத்து நின்ற கயிற்றுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். கால்கள் தாமாகவே நகர்ந்தன. பாலத்தில் ஓடி, கடைசி அடியைத் தாண்டிச் சிமென்டில் முழங்கால் படிய விழுந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் பாலம் மேலேறிவிட்டது.

செய்கிச்சி வந்து தூக்கிவிட்டான். வண்டிச் சாவியை அவள் கையில் திணித்தான். "நீ ஓட்டிட்டுப் போ. எனக்கு இங்க வேலை முடியல."

அவள் லாரியை நெருங்கியதும் கதவின் பூட்டு உள்ளிருந்து விடுபட்டது. அப்பாவின் கால்கள் வீங்கி, செருப்புக்குள் அடங்காமல் இருந்தன. மூச்சு விசில் போல் வந்தது.

"நனைஞ்சிட்டியே" என்றார்.

"பேசாதீங்கப்பா. உங்க மேல எனக்கு அவ்வளவு கோவம்."

"இருக்கட்டும். வண்டிய எடு."

மலைப்பாதையில் மூடுபனி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் ஊரை விட்டுப் போன பிறகு போட்ட சாலை. எங்கே வளைகிறதென்று தெரியாமல் நத்தைபோல ஊர்ந்தாள். மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் டாக்டரின் இடமும் ஹெலிகாப்டர் இறங்கும் திடலும். பனி விலகினால் ஹெலிகாப்டர் இன்றைக்கே வரலாம். இடது பக்கம் வீடு.

அப்பா மடியிலிருந்து கையை எடுத்து இடது பக்கம் காட்டினார். அவள் வண்டியை நிறுத்தினாள். துடைப்பான் கண்ணாடியில் போய்ப் போய் வந்தது. துடைத்த இடத்தில் ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பனி மட்டுமே தெரிந்தது.