ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

பத்தொன்பது வருஷமாக நான் கணக்கு டீச்சர். ஒரு தாளைக் கொடுத்தால் கை தானாகத் திருத்தும், கூட்டும், மார்க் போடும். மனது வேறெங்காவது இருக்கும். எங்கே என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. போன வருஷம் எப்போதோ உள்ளே ஏதோ மரத்துப்போனது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படி இருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பிள்ளைகளின் மன அழுத்தத்தை ஆசிரியர்கள் புரிந்துகொள்ள வேண்டுமாம். தூக்கம் கெடுகிறதா, பரீட்சை என்றால் பயமா என்று பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். ஐந்து என்றால் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். அடியில் இரண்டு வரி எழுத இடம். நாங்கள் அதைப் படித்து, கஷ்டப்படும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். எனக்கு இருக்கிற வேலையில் இது வேறா என்று எரிச்சல்தான் வந்தது.

பிள்ளைகள் நிரப்பிய படிவங்கள் பரீட்சைத் தாள்களோடு ஒரே கட்டில் வந்தன. மதிய இடைவேளையில் மொத்தத்தையும் முடித்து, மறுநாள் வகுப்பில் திருப்பிக் கொடுத்தேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் வகுப்பில் திறக்க மாட்டார்கள். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஹெச்.எம். கூப்பிட்டார். மேசையில் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல்.

"அந்தப் பிள்ளைப்பூச்சி மூணு பரீட்சையா வெத்துப் பேப்பர் கொடுத்திருக்கா. பேரை அடிச்சு நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. ஒரு ஃபெயில் விழுந்தாலும் நம்ம பேர்தான் கெடும்."

ஜன்னலோரம் உட்காரும் பெண். இருக்கிற இடம் தெரியாது, அதனால் ஆசிரியர் அறையில் பிள்ளைப்பூச்சி என்று பெயர். பெயரை அடித்தால் அவளுக்கு ஒரு வருஷம் போகும். சரி என்றேன். எதற்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே அவள் அம்மா காத்திருந்தார். தையல்காரர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"மூணு பரீட்சையிலயும் ஒண்ணுமே எழுதலையாமே டீச்சர்? எனக்குப் படிக்க வராது, நம்பர் மட்டும் தெரியும். ஆனா இதுல நாப்பத்தெட்டு வாங்கியிருக்காளே," என்று மடித்த ஒரு தாளை நீட்டினார். "சுவத்துல ஒட்டி வெச்சிருந்தேன்."

பிரித்தேன். அந்தப் படிவம். எட்டுக் கேள்விகளுக்கு ஐந்து, இரண்டுக்கு நான்கு. மேலே சிவப்பில், என் கையெழுத்தில்: 48/50. மிக நன்று.

அடியில் இருந்த இரண்டு வரிகளை அப்போதுதான் படித்தேன். "கேள்வித்தாளைப் பாத்ததும் கை மரத்துப்போகுது. யாராவது கூப்பிட்டுக் கேட்டா சொல்வேன்." அதற்குப் பக்கத்திலும் ஒரு டிக் போட்டிருந்தேன்.

வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "நான் அவகிட்ட பேசறேம்மா," என்று மட்டும் சொன்னேன்.

மணி மூன்று. ஆய்வகத்தில் யாரும் இல்லை. அவளை அங்கே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இதை நான் படிக்கவே இல்லம்மா. படிக்காமலே மார்க் போட்டுட்டேன்."

"தெரியும் டீச்சர்."

"கை எப்ப மரத்துப்போகுது?"

"தாள் முழுக்கக் கேள்வியா இருக்கும்ல, அப்ப," என்றாள். "ஒண்ணைப் போடும்போதே மிச்சமெல்லாம் என்னையே பாத்துட்டு இருக்கும்."

அவள் ஒன்றும் எழுதாமல் விட்ட பரீட்சையின் கேள்வித்தாளை எடுத்து மடித்தேன். ஒரு கணக்கு மட்டும் தெரிந்தது. "மிச்சத்தை நான் பிடிச்சுக்கறேன். இதை மட்டும் போடு."

வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டாள். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. விடை சரி. அடுத்ததற்கு ஒன்பது நிமிஷம். மூன்றாவதற்கு அவளே தாளை மடித்துக்கொண்டாள். என் கை பழக்கத்தில் சிவப்புப் பேனாவைத் தேடியது. அப்போதுதான் வெட்கம் வந்தது, மூன்று வாரம் தாமதமாக. கண்ணைக் கரித்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஏதோ ஒன்று வலித்தது.

நாலு மணிக்குப் பட்டியலைக் கொடுத்தேன். எந்தப் பெயரையும் அடிக்கவில்லை.

"ஃபெயிலானா யாரு பொறுப்பு?" என்றார் ஹெச்.எம்.

"நான்தான்," என்று எழுதியே கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் ஐந்தாவது கணக்கில் இருந்தாள். படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இந்த மார்க்கை அடிச்சிடட்டுமா?"

தலை நிமிராமல் சொன்னாள்: "வேணாம் டீச்சர். இந்த வருஷம் அம்மா சுவத்துல ஒட்டினது அது ஒண்ணுதான்."