காது குறையாத காளை

குவைத்தில் இறைச்சிக் கிடங்கில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, 1997இல் வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருந்த தன் ஊருக்கே திரும்பி வந்தார் மீரா உசேன். மாட்டின் எந்தப் பகுதிக் கறி எந்த நாட்டுக்காரனுக்குப் பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. உயிரோடு நிற்கும் மாட்டின் அருகில் போகத்தான் பயம்.

அவர் இல்லாத காலத்தில் ஒன்றரை ஏக்கர் நிலத்தையும் மனைவி கமருன்னிஸாதான் பார்த்துக்கொண்டாள். துணைக்கு நின்றவள் காளியம்மாள். ஒரு காலத்தில் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவள். இப்போது பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரி. உசேன் விவசாயத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் இருவரும் "சரிங்க" என்பார்கள். செய்யமாட்டார்கள்.

அதனால் அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டார். நாகூர் வியாபாரி அப்துல் ரஹ்மான் பக்ரீதுக்கு ஏழு பேர் பங்கு போட்டுப் பலி கொடுக்கும் கூட்டுக் குர்பானிக்கு மாடு வாங்குகிறவர். "ரெண்டு வயசுப் பல்லு போட்டிருக்கணும். ஒரு குறையும் இருக்கக்கூடாது. இனம் புடிச்சுப்போச்சுன்னா வருசா வருசம் ஆறு எடுத்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தார். பெண்களுக்கும் இந்த யோசனை பிடித்துவிட்டது. எந்த இனம் என்பதில்தான் சண்டை.

"ஓங்கோல்தான். வெள்ளை வெளேர்னு யானையாட்டம் நிக்கும்" என்றார் உசேன்.

"யானைக்கு யாரு தீனி போடுறது?" என்றாள் காளியம்மாள். "நம்ம உம்பளச்சேரியே போதும் பாய். கெடைக்கிற வைக்கோலத் தின்னுட்டு சேத்துல நிக்கும்."

"அது குட்டையா இருக்கும்மா."

"குட்டையா இருந்தா கறி இருக்காதா?" என்றாள் கமருன்னிஸா.

கடைசியில் அவருக்கு ஒரு ஓங்கோல், பெண்களுக்கு ஒரு உம்பளச்சேரி என்று இரண்டு காளைக்கன்றுகள் வாங்கினார்கள். ஓங்கோல் வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குக் கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் குளம்பு ஊறிப் புண்ணாயிற்று. உசேன் பலகை அடித்துப் போட்டார். கொசு கடிக்கிறதென்று குவைத்திலிருந்து கொண்டுவந்த மின்விசிறியையும் அதற்கே வைத்தார். உம்பளச்சேரியோ வாய்க்கால் கரைப் புல்லை மேய்ந்து, செவலை நிறம் மாறிச் சாம்பலாகி, உரல் மாதிரி திரண்டது. இரண்டாவது தை பிறந்தபோது ஓங்கோல் உயரமாக இருந்தது. விலா எலும்பை எண்ணவும் முடிந்தது.

உசேனுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் உம்பளச்சேரிக் காளைக்குக் காதோரத்தை நறுக்கிவிடுவது வழக்கம். அழகுக்குத்தான். ஊரில் அதைச் செய்கிறவர் ரெத்தினம். காது குறைந்த மாடு குர்பானிக்கு ஆகாது என்பதால், "இது மேல கத்தி வைக்காதீங்கண்ணே" என்று கமருன்னிஸா அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள். உசேன் அவரைத் தனியாகப் பிடித்து இரண்டு புட்டி கோடாலித் தைலத்தைக் கையில் வைத்தார்.

"நாளைக்கு எல்லாரும் கதிர் அறுப்புக்குப் போயிடுவாங்க. கொட்டகையில நிக்கிற காளைக்குக் காத நறுக்கி விட்டுடுங்க. கமரு மனசு மாறிடுச்சு."

மறுநாள் காலையிலேயே, தான் ஊரில் இல்லை என்பதை நாலு பேர் பார்க்கட்டும் என்று, கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து கொட்டகையை எட்டிப் பார்த்தார். ஓங்கோல் நின்றுகொண்டிருந்தது. இரண்டு காதும் இலை மாதிரி வளைத்து நறுக்கி, மஞ்சள் பூசப்பட்டிருந்தன.

ரெத்தினத்தின் வீட்டுக்கு ஓடினார். "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நீங்க சொன்னதுதாங்க. அங்க நின்னது அது ஒண்ணுதான். ஓங்கோலுக்கு யாரும் நறுக்குறதில்லையேன்னு யோசிச்சேன். வெளிநாடு போயிட்டு வந்தவரு, ஏதோ புது ஃபேஷன் போலன்னு..."

அன்று காலை கமருன்னிஸா உம்பளச்சேரியை வயலுக்கே ஓட்டிக்கொண்டு போயிருந்தாள். ஏன் என்று அவரால் கேட்க முடியவில்லை.

"அய்யய்யோ, காதுக்கு என்னங்க ஆச்சு?" என்று அவள்தான் கேட்டாள்.

"முள்வேலியில மாட்டிக்கிச்சு."

"ரெண்டு காதுமா?"

"இந்தப் பக்கம் ஒரு தடவ. அந்தப் பக்கம் ஒரு தடவ."

காளியம்மாள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து வந்த சத்தம் இருமல் என்று உசேன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பங்குனியில் வந்த அப்துல் ரஹ்மான் ஓங்கோலை ஒருமுறை சுற்றி வந்தார். காதைத் தொட்டார். அப்படியே நகர்ந்து உம்பளச்சேரியின் வாயைத் திறந்து பல் பார்த்து, முதுகைத் தட்டினார். "இந்த எனத்துலயே ஆறு வளத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு போனார். ஓங்கோலைத் தேங்காய் வண்டி இழுக்கப் பட்டுக்கோட்டை துரைராசு வாங்கிக்கொண்டார்.

கொட்டகை காலியானதும் உசேன் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"தெரியும்" என்றாள் கமருன்னிஸா. "மொத நாள் சாயங்காலமே ரெத்தினம் அண்ணன் மேல களம் வரைக்கும் தைல வாசம். கேட்டேன், நீங்க சொன்னத அப்படியே சொல்லிட்டாரு. நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன்."

"அப்பவே தடுத்திருக்கலாமே! என் மாட்டோட காதாவது தப்பிச்சிருக்கும்."

"நம்ம காளைய ஓட்டிட்டுப் போனா கொட்டகை காலின்னு திரும்பிப் போயிடுவாருன்னு நெனச்சேன். ஓங்கோல் நிக்கிறது மறந்துபோச்சு."

"அத்தனை உசரமா நின்னத மறந்துட்டியா?"

அவள் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. அதை நம்புவதா வேண்டாமா என்று உசேனுக்கு இன்றுவரை தெரியாது.

"பதினோரு வருசம் வெளிய இருந்துட்டேன் கமரு. இங்க எல்லாம் நான் இல்லாமலே நடக்குது. இது ஒண்ணாவது என் இஷ்டப்படி நடக்கட்டும்னு பாத்தேன்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

கமருன்னிஸா அவர் தோளில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். "சரி. கன்னு வாங்கப் போறப்ப நீங்களும் வாங்க. ஒண்ணு நீங்க பாத்து எடுக்குறதுதான். நாங்க வாயே தொறக்க மாட்டோம்."

தலைஞாயிறு பக்கம் போய் ஆறு உம்பளச்சேரிக் கன்றுகள் வாங்கினார்கள். ஐந்தைப் பெண்கள் எடுத்தார்கள். ஆறாவதை உசேன் எடுத்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு துறுதுறுவென்று இருந்தது. சொன்னபடி அவர்கள் வாயே திறக்கவில்லை; ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதோடு சரி.

திரும்பும்போது வேனில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. அதில் பெண்கள் ஏறிக்கொண்டார்கள். உசேன் பின்னால் கன்றுகளோடு நின்று, "மெதுவாப் போகச் சொல்லு கமரு!" என்று கத்திக்கொண்டே வந்தார். முன்னால் பாட்டுச் சத்தம் பலமாக இருந்தது. ஊர் வந்து சேர்வதற்குள், அவர் பார்த்து எடுத்த கன்று அவருடைய குவைத் சட்டையின் ஒரு பக்கக் கையை முழங்கை வரைக்கும் மென்று தீர்த்திருந்தது.